எல்லாச் சூழலிலும் நிலையான மகசூல் தரும் குளோவர் தீவன ரகத்தை உருவாக்குதல்: முழுமையான வழிகாட்டி

குளோவர் ரக உருவாக்கத்தில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வேலை செய்கிறார்கள். நல்ல நிலத்தில் செடிகளை வளர்த்து, செழித்தவற்றைப் பொறுக்கிப் பெருக்கி, கடைசி இரண்டு ஆண்டுகளில் மட்டும் பல இடங்களில் விதைத்து நிலைத்தன்மையைப் பார்க்கிறார்கள். அந்தக் கட்டத்தில் கையில் மிஞ்சியிருப்பவை பத்துப் பன்னிரண்டு வளர்ப்புகள், அதாவது ரகமாகக்கூடிய தேர்வுத் தொகுதிகள்தாம். அவை அனைத்தும் அந்த ஒரு நல்ல நிலத்துக்கென்றே பொறுக்கப்பட்டவை. மோசமான சூழலைத் தாங்கியிருக்கக்கூடிய செடிகள் இரண்டாம் ஆண்டிலேயே கழிக்கப்பட்டிருக்கும். ஆகவே சூழல் வேறுபாடு தேர்வின் முதல் சுற்றிலேயே நுழைய வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை இந்தக் காரணத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது.

1. எந்தச் சூழல்களுக்கான ரகம் என்பதை முதலில் எழுதிவைத்தல்

விதையைத் தேடுவதற்கு முன், உங்கள் ரகம் பயிராகப்போகும் நிலங்களை ஒரு தாளில் பட்டியலிடுங்கள். மண்ணின் அமில நிலை, வடிகால், பாசன வசதி, குளிரின் கடுமை, பகல் நீளம், எத்தனை வெட்டு, வெட்டுகிறார்களா மேய்க்கிறார்களா என்பவை அதில் இடம்பெற வேண்டும்.

பிறகு அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். மண், பகல் நீளம், வெட்டு முறை ஆகியவை ஆண்டுதோறும் மாறாதவை. அவற்றுக்குத் தேவைப்பட்டால் தனித்தனி ரகமே கொடுக்கலாம். மழை, வறட்சி, உறைபனி, நோய் ஆகியவை எந்த ஆண்டு எப்படி வரும் என்று சொல்ல முடியாதவை. அவற்றுக்கு எதிராகத்தான் நிலைத்தன்மை தேவை. இந்தப் பிரிவினையைச் செய்யாதவர்கள், அமில மண்ணையும் சுண்ணாம்பு மண்ணையும் ஒரே ரகத்தால் சமாளிக்க முயன்று, இரண்டிலும் நடுத்தரமாக நிற்கும் ஒன்றைப் பெறுகிறார்கள்.

நிலைத்தன்மை என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே மகசூல் என்பது ஒரு பொருள். சூழல் நன்றானால் அதற்கேற்ப உயர்ந்து, மோசமானால் மற்ற ரகங்களைவிடக் குறைவாகச் சரிவது இன்னொரு பொருள். தீவனம் குறையும் ஆண்டில் மாட்டுக்கு வேறு வழி இல்லாத பண்ணைக்கு முதல் பொருள் நெருக்கமானது. உரமும் நீரும் முறையாகக் கொடுக்கும் பண்ணைக்கு இரண்டாவது ஏற்றது.

2. எடுத்துக்கொள்ளும் இனத்தின் இனச்சேர்க்கை முறையை அறிதல்

குளோவர் என்பது டிரைஃபோலியம் பேரினத்தைச் சேர்ந்த பல இனங்களுக்குப் பொதுப்பெயர். தேர்வு முறை இனத்துக்கு இனம் மாறுவதால், ஒன்றுக்கு எழுதிய திட்டத்தை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது.

சிவப்பு குளோவரில் 14 குரோமோசோம்கள் உண்டு. அது தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒவ்வொரு செடியும் மரபளவில் வேறானது. வெள்ளை குளோவர் 32 குரோமோசோம் கொண்ட நான்மடியம், அதாவது அதில் குரோமோசோம் தொகுதிகள் நான்கு உண்டு. அதுவும் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிரே. தரையோடு ஓடும் தண்டுகளால் பரவுவதால் ஒரு செடியைப் பல துண்டுகளாக்கிப் பெருக்குவது எளிது. பெர்சீம் 16 குரோமோசோம் கொண்ட ஓராண்டுப் பயிர். தன் மகரந்தத்தாலும் விதை பிடிக்கும், ஆனால் தேனீ வந்து பூவை விரித்தால்தான் நிறைவாகப் பிடிக்கும். நிலத்தடிக் குளோவரோ பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கையிலேயே விதை வைக்கிறது.

அயல் சேர்க்கை இனங்களில் ஒரு தனிச்செடியை அப்படியே ரகமாக்க முடியாது. அதனால் தேர்வின் அலகு ஒரு தாய்ச்செடியின் விதைக் குடும்பம். முடிவில் கிடைக்கும் ரகம் பல பெற்றோரின் கலவை. தன் சேர்க்கை இனத்தில் குணம் மாறாமல் வரும் தூய வரிசைகளைப் பிரித்தெடுத்து ஒப்பிடலாம். இனிமேல் வருபவை முதன்மையாக அயல் சேர்க்கை இனங்களுக்கானவை. சோதனை, அளவீடு, கணக்கு பற்றிய பகுதிகள் எல்லா இனங்களுக்கும் பொருந்தும்.

சிவப்பு குளோவரில் கொல்ச்சிசின் என்னும் வேதிப்பொருள் கொண்டு குரோமோசோமை இரட்டித்த நான்மடிய ரகங்களும் உண்டு. அவற்றையும் இரண்டு தொகுதி மட்டுமே கொண்ட இருமடியச் செடிகளையும் ஒரே கலப்பு வயலில் நடக்கூடாது. இடையில் உருவாகும் மும்மடியக் கரு பெரும்பாலும் விதையாக நிலைக்காது, விதைப்பிடிப்பு சரிந்துபோகும்.

3. முன்கூட்டியே கையில் இருக்கவேண்டியவை

விதைக்கும் வாரத்தில் தேடத் தொடங்கினால் தாமதமாகிவிடும் பொருட்கள் இவை.

முதலாவது, உரிய ரைசோபியம், அதாவது வேர்முடிச்சில் தங்கித் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர். குதிரை மசாலுக்கான நுண்ணுயிர் குளோவரில் முடிச்சு போடாது. குளோவர் இனங்களுக்குள்ளும் ஓர் இனத்தில் நன்றாக வேலை செய்யும் நுண்ணுயிர் வகை இன்னொன்றில் பயனற்றதாக இருக்கக்கூடும். சோதனை நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரே தொகுப்பிலிருந்து எடுத்த ரைசோபியத்தையே விதையில் கலக்க வேண்டும். இல்லாவிட்டால், முடிச்சு பிடிக்காத ஓர் இடத்தின் மகசூல் வீழ்ச்சியை, செடியின் மரபில் உள்ள நிலையின்மை என்று தவறாகப் படித்துவிடுவீர்கள். விதைத்த ஆறேழு வாரத்தில் ஒவ்வோர் இடத்திலும் சில செடிகளை மண்ணோடு தோண்டி, வேரை நீரில் அலசி, முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது தழைச்சத்தைச் சேர்க்கிறது; வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த இடத்துக் கணக்கை ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, முளைப்புத்திறன் தெரிந்த சுத்தமான விதை. குளோவர் விதையில் ஒரு பகுதி கடின உறையோடு நீரை உள்வாங்காமல் கிடக்கும். உப்புத்தாளில் மெல்லத் தேய்த்தால் அந்த உறை இளகும். விதை அளவை எடையால் மட்டும் நிர்ணயிக்காமல், முளைக்கக்கூடிய விதைகளின் எண்ணிக்கையால் சமப்படுத்துங்கள். நான்மடிய விதை இருமடிய விதையைவிடக் கனமானது என்பதால் ஒரே எடை என்பது ஒரே செடி எண்ணிக்கை ஆகாது. அம்மையார் கூந்தல் எனப்படும் கஸ்குட்டா ஒட்டுண்ணியின் விதை ஒன்றுகூடக் கலந்திருக்கக்கூடாது.

மூன்றாவது, காற்றோட்ட உலர்த்தி, ஒரு கிராம் வரை துல்லியமான தராசு, காற்றுப் புகும் துணிப்பைகள், நனைந்தாலும் அழியாத அட்டைகள். இவை சிறிய செலவு. ஆனால் இவை இல்லாத இடத்தில் சோதனை வைக்காமல் இருப்பதே நல்லது.

4. மூலச்செடிகளைத் திரட்டி நடுதல்

நாட்டு வகைகள், காட்டு வகைகள், பழைய ரகங்கள், நோய் எதிர்ப்புள்ள வளர்ப்புகள் என்று அகலமாகத் திரட்டுங்கள். நிலைத்தன்மைக்கு உதவும் மரபு பெரும்பாலும் கடினமான சூழலில் பல தலைமுறை தங்கிய தொகைகளில்தான் இருக்கிறது. அவற்றின் மகசூல் பார்வைக்குக் குறைவாகத் தெரியும் என்பதற்காகத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒரே தொகுப்பில் ஒற்றை வெட்டு வகையையும் பல வெட்டு வகையையும் சேர்த்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பெர்சீமில் மெஸ்காவி வகை அடியிலிருந்து கிளைத்துப் பலமுறை தழைக்கும். ஃபாஹல் வகை ஒரே வெட்டோடு முடிந்துவிடும். இவற்றை ஒன்றாகப் போட்டால், வெட்டு எண்ணிக்கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் தரவரிசை புரளும். அந்தப் புரளல் உங்களுக்கு எதையும் கற்றுத்தராது.

தனிச்செடிகளை 50 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டு நோய், பூக்கும் காலம், மறுதழைப்பு, அடித்தண்டின் உறுதி ஆகியவற்றைப் பாருங்கள். இந்த வயலில் மகசூலுக்காகத் தேர்வு செய்யாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நானே இப்படி நாற்பது செடிகளைக் கொழுத்த புதர்களாகப் பார்த்துப் பொறுக்கினேன். அவற்றின் சந்ததியை நெருக்கமாக விதைத்தபோது ஒப்பீட்டு ரகத்தைத் தாண்டியவை மூன்றே மூன்று. தனியாக நிற்கும் செடிக்கு இடமும் வெளிச்சமும் போட்டியின்றிக் கிடைக்கின்றன. அங்கே பக்கவாட்டில் படர்வது வெற்றி. நெருக்கமான பாத்தியில் அந்தக் குணம் பயன்படாது. ஓரத்து வரிசைச் செடிகளையும் தேர்விலிருந்து விலக்கிவிடுங்கள்.

5. பல இடங்களில் குடும்பத் தேர்வு

நிலைத்தன்மைக்கான வேலை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

தனிச்செடி வயலில் தேறிய செடிகளைத் துண்டுகளாகப் பெருக்கி, பூக்கும் காலம் ஒத்தவற்றை ஒரு குழுவாக்கி, பலதிசைக் கலப்பு வயலில் நடுங்கள். ஒவ்வொரு செடியின் துண்டுகளும் பல மறுசெய்கைகளில், அதாவது ஒரே தொகுப்பைத் திரும்பத் திரும்ப நடும் பகுதிகளில், வெவ்வேறு அண்டைகளோடு அமைய வேண்டும். அப்போதுதான் எல்லாத் தாய்ச்செடிகளுக்கும் ஏறத்தாழ ஒரே கலவையான மகரந்தம் கிடைக்கும். பூக்கும் காலத்தைப் பொருத்தாமல் நட்டால், முன்பூப்பவை தமக்குள்ளும் பின்பூப்பவை தமக்குள்ளும் கலந்து இரண்டு தனித் தொகைகள் உருவாகும். மற்றக் குளோவர் வயல்களிலிருந்து இந்த வயல் தேனீயின் போக்குவரத்து எட்டாத தொலைவில் இருக்க வேண்டும். அது இயலாவிட்டால் வலைக்கூண்டும் அதற்குள் ஒரு தேன்கூடும் தேவை. சிவப்பு குளோவரின் பூக்குழல் நீளமானது என்பதால் நீண்ட நாக்குள்ள பெருந்தேனீக்கள் அதற்குப் பொருத்தமானவை.

ஒவ்வொரு தாயின் விதையையும் தனியே எடுத்து, அந்தக் குடும்பங்களைக் குறைந்தது மூன்று முரண்பட்ட இடங்களில் நெருக்கமான பாத்திகளில் விதையுங்கள்: ஒன்று வளமானது, ஒன்று வறண்டது, ஒன்று நோயோ குளிரோ கடுமையாக இருப்பது. விதை குறைவாகத்தான் இருக்கும். அதனால் பாத்தி சிறிதாகட்டும், ஆனால் இடங்களைக் குறைக்காதீர்கள். மூன்று இடத்திலும் மேல் பாதியில் நிற்கும் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் முதலிடமும் இன்னோர் இடத்தில் கடைசியும் பெற்ற குடும்பத்தை, அதன் சராசரி எவ்வளவு கவர்ந்தாலும், விட்டுவிடுங்கள்.

தாய் மட்டும் பொதுவாக உள்ள குடும்பங்களுக்கிடையே வெளிப்படுவது மரபின் கூட்டு வேறுபாட்டில் (மரபணுக்களின் தனித்தனி விளைவுகள் கூடுவதால் வரும் வேறுபாடு) கால் பங்கு மட்டுமே. மீதி முக்கால் பங்கு குடும்பத்துக்குள் செடிக்குச் செடி இருக்கிறது. ஆகவே சிறந்த குடும்பங்களைக் கண்டபின், கடுமையான இடத்துப் பாத்திகளில் கடைசிப் பருவம்வரை உயிரோடு தழைத்து நிற்கும் செடிகளை அந்தக் குடும்பங்களுக்குள்ளிருந்து தோண்டி எடுத்து அடுத்த சுற்றுக் கலப்புக்குக் கொண்டுபோங்கள். இந்தச் சுற்றை இரண்டு அல்லது மூன்று முறை செய்வது நல்லது.

6. மகசூலை அளக்கும் முறை

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில். பிந்தைய கணக்கு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் பாத்தியில் நேர்ந்த பிழையை அது திருத்தாது.

பாத்தியின் ஓரங்களை முதலில் வெட்டி அப்புறப்படுத்துங்கள். ஓரத்துச் செடி கூடுதல் வெளிச்சத்தில் கூடுதலாக வளர்கிறது. பிறகு நடுப்பகுதியை, அளந்த பரப்பில், எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் வெட்டுங்கள். நிமிர்ந்து வளரும் வகைகளுக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் உயரம் பொருத்தம். அதற்குக் கீழே போனால் அடித்தண்டின் மொட்டுகள் சேதமாகி அடுத்த வெட்டு குறையும். ஓர் இடத்தில் தாழவும் இன்னோர் இடத்தில் உயரவும் வெட்டினால் அந்த வேறுபாடு சூழல் இடைவினையாக, அதாவது வளர்ப்புகளுக்கிடையேயான வேறுபாடு சூழலுக்குச் சூழல் மாறுவதாக, கணக்கில் ஏறிக்கொள்ளும்.

பச்சை எடையை மட்டும் கொண்டு முடிவெடுக்கக்கூடாது. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஒரு பாத்தியில் இருமடிய வளர்ப்பு 6.0 கிலோ பச்சை எடையும், பக்கத்துப் பாத்தியில் நான்மடிய வளர்ப்பு 6.8 கிலோவும் தருகின்றன என்று கொள்வோம். முதலாவதில் உலர்பொருள் 16 விழுக்காடு, இரண்டாவதில் 13.5 விழுக்காடு. உலர் எடை முறையே 0.96 கிலோ, 0.918 கிலோ, பச்சையில் முந்தியது உலர்ந்தபின் பின்தங்கிவிட்டது. நான்மடியச் செடிகளில் நீர் கூடுதலாக இருப்பதால் இது உண்மையில் அடிக்கடி நிகழ்கிறது.

வெட்டிய உடனே பச்சை எடை எடுங்கள். அதிலிருந்து கைக்கு எட்டிய மேல்தழையை மட்டும் அள்ளாமல், குவியலை நன்றாகக் கலந்து 500 கிராம் மாதிரியை அந்த இடத்திலேயே எடைபோட்டுப் பையில் இடுங்கள். உலர்த்தியில் 60 முதல் 65 பாகை செல்சியசில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்துங்கள். நான் ஒருமுறை ஒரு நிலையத்துக்குப் போனபோது, மாதிரிப் பைகள் காலையிலிருந்து வரப்பில் வெயிலில் கிடந்தன. பிற்பகலில்தான் அவற்றின் பச்சை எடையை எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக எடைபோட்ட வளர்ப்புகள் எல்லாம் உலர்பொருளில் முதலிடம் பெற்றிருந்தன. அந்த இடத்து வெட்டு முழுவதையும் நாங்கள் கணக்கிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று.

களையைப் பிரித்து எடைபோடுவதும் தவிர்க்க முடியாதது. செடி செத்த இடைவெளியில் களை வளரும். களையோடு சேர்த்து எடைபோட்டால் பாதி செத்த பாத்திகூட நிலையானதாகத் தெரியும். மாதிரியிலேயே குளோவரையும் களையையும் பிரித்துத் தனித்தனியே உலர்த்துங்கள்.

7. எத்தனை இடம், எத்தனை ஆண்டு, எத்தனை மறுசெய்கை

ஒரு வளர்ப்புக்கு 12 பாத்திகள்தான் உங்களால் வைக்க முடியும் என்றால், மூன்று இடத்தில் நான்கு மறுசெய்கை வைப்பதைவிட ஆறு இடத்தில் இரண்டு மறுசெய்கை வைப்பது மேல். பாத்திப் பிழை இரு முறையிலும் 12ஆல்தான் வகுபடுகிறது. ஆனால் இடத்தோடு வரும் இடைவினை முதல் முறையில் 3ஆலும் இரண்டாவதில் 6ஆலும் வகுபடுகிறது. ஓரிடத்தில் மறுசெய்கையைப் பெருக்கினால் அந்த இடத்தைப் பற்றித்தான் துல்லியமாகத் தெரிந்துகொள்கிறீர்கள்.

சிவப்பு, வெள்ளை குளோவர் போன்ற பல்லாண்டுப் பயிர்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. முதல் ஆண்டு விதைத்ததை இரண்டாம் ஆண்டும் அறுக்கும்போது, மகசூல் குறைந்ததற்குக் காரணம் அந்த ஆண்டின் வானிலையா, செடியின் வயதா என்று பிரித்தறிய முடியாது. இதற்கு ஒரே வழி, இரண்டாம் ஆண்டில் அதே வளர்ப்புகளைப் பக்கத்தில் மறுபடி விதைப்பது. வேலை கூடும், ஆனால் நிலைத்து நிற்கும் தன்மையை அறிய வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரே பாத்தியின் வெவ்வேறு வெட்டுகளைத் தனித்தனிச் சூழல்களாக எண்ணிச் சேர்க்கவேண்டாம். அவை ஒன்றோடொன்று பிணைந்தவை. ஆண்டு மொத்தத்தைச் சூழல் கணக்குக்குப் பயன்படுத்தி, வெட்டுகளுக்கிடையேயான பங்கீட்டைத் தனியாகப் பாருங்கள்.

8. நிலைத்தன்மையைக் கணக்கிடுதல்

முதலில் மாறுபாட்டுப் பகுப்பாய்வில் (மொத்த வேறுபாட்டை அதன் காரணங்களுக்குப் பிரிக்கும் கணக்கு) வளர்ப்புக்கும் சூழலுக்கும் இடையிலான இடைவினை குறிப்பிடத்தக்கதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் சராசரியைக் கொண்டே தேர்வு செய்துவிடலாம். மேற்கொண்டு எதுவும் தேவையில்லை.

இடைவினை இருந்தால், 1963இல் ஃபின்லே, வில்கின்சன் இருவரும் பரவலாக்கி, 1966இல் எபர்ஹார்ட், ரஸ்ஸல் இருவரும் விரித்த முறையிலிருந்து தொடங்குவது எளிது. ஒவ்வொரு சூழலின் சராசரியிலிருந்து மொத்தச் சராசரியைக் கழித்தால் சூழல் குறியீடு கிடைக்கும். வளர்ப்பின் மகசூல் அந்தக் குறியீட்டோடு எவ்வளவு சரிவில் மாறுகிறது என்று பார்க்கிறோம். விளக்கத்துக்காக மட்டும் சிறு கணக்கு ஒன்று. நான்கு சூழல்களில் எக்டருக்கு உலர்பொருள் டன் கணக்கில் முதல் வளர்ப்பு 6, 8, 10, 12. இரண்டாவது 7, 8, 9, 10. மூன்றாவது 5, 8, 11, 14 தருகின்றன. சூழல் சராசரிகள் 6, 8, 10, 12. குறியீடுகள் −3, −1, +1, +3. சரிவுகள் முறையே 1.0, 0.5, 1.5; சராசரிகள் 9.0, 8.5, 9.5.

மூன்றாவது வளர்ப்பின் சராசரி மிக உயர்ந்தது. ஆனால் மோசமான சூழலில் அது 5 டன்னுக்கு இறங்குகிறது. இரண்டாவது அதே சூழலில் 7 டன் தருகிறது. நல்ல சூழலில் அது 10 டன்னோடு நின்றுவிடுகிறது. முதல் படியில் எழுதிவைத்த தாள் இப்போதுதான் பயன்படுகிறது: எந்தப் பொருளில் நிலைத்தன்மை வேண்டும் என்று அங்கே எழுதியிருப்பதைக் கொண்டே இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும். சரிவு 1.0 என்பதை மட்டும் பார்த்து ரகத்தை உயர்த்திப் பேசும் அறிக்கைகள் நிறைய. சராசரி குறைவாக இருந்துகொண்டு சரிவு 1.0 ஆக இருப்பதால் பண்ணைக்கு எந்த நன்மையும் இல்லை.

உண்மைத் தரவு இப்படி நேர்க்கோட்டில் அமராது. கோட்டிலிருந்து விலகும் அளவு பெரிதாக இருந்தால், சரிவு எதுவாக இருந்தாலும் அந்த வளர்ப்பின் நடத்தையை முன்கூட்டிச் சொல்ல முடியாது. நான்கு சூழலில் அந்த விலக்கத்துக்கு இரண்டு விடுபடு பாகைகளே, அதாவது சுயேச்சையான தகவல்கள் இரண்டே, மிஞ்சுகின்றன. எட்டுக்குக் குறைவான இடம்‌–ஆண்டுச் சேர்க்கைகளை வைத்து நான் முடிவு சொல்வதில்லை. வளர்ப்புகள் மிகக் குறைவாக இருந்தால் குறியீட்டை அவற்றிலிருந்தே கணக்கிடுவதும் பிழை. ஒப்பீட்டு ரகங்களையும் சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

விலக்கங்கள் பெரிதாக இருக்கும்போது அம்மி (AMMI), ஜிஜிஇ (GGE) இருதிசை வரைபடம் ஆகிய புள்ளியியல் முறைகள் உதவும். எந்த வளர்ப்பு எந்தச் சூழலில் முந்துகிறது, எந்தச் சூழல்கள் ஒரே தரவரிசையைத் தருகின்றன என்பதை அவை ஒரே பார்வையில் காட்டும். ஒரே தரவரிசை தரும் இரண்டு இடங்களில் ஒன்றைக் கைவிட்டு, அந்தச் செலவில் வேறுபட்ட புதிய இடம் ஒன்றைச் சேர்க்கலாம்.

9. மகசூல் வீழ்ச்சிக்கான காரணத்தை வயலில் தேடுதல்

எண் வீழ்ச்சியைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. ஒரு வளர்ப்பு எந்தச் சூழலில் விழுந்ததோ அந்தப் பாத்திக்கு நேரில் போய்ச் செடி எண்ணிக்கையைப் பாருங்கள். செடிகள் செத்திருந்தால் ஸ்க்ளரோட்டினியா என்னும் பூஞ்சையால் வரும் அழுகல், வேர் அழுகல், உறைபனி ஆகியவற்றைத் தேட வேண்டும். செடிகள் இருந்தும் வளர்ச்சி குன்றியிருந்தால் நீர், முடிச்சு, மணிச்சத்து ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அழுகல்தான் காரணமென்றால் நோய் எதிர்ப்புள்ள பெற்றோரைச் சேர்த்து அந்த ஒரு குறையைத் திருத்திவிடலாம். வளர்ப்பைக் கழிக்க வேண்டியதில்லை.

10. பெற்றோரைச் சேர்த்து ரகமாக்குதல்

தேறிய பெற்றோரை மீண்டும் தனிமை வயலில் கலக்கவிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் சம எடை விதை எடுத்துக் கலந்தால் முதல் கலவைத் தலைமுறை கிடைக்கும். பெற்றோர் மிகக் குறைவாக இருந்தால் அடுத்தடுத்த தலைமுறைகளில் உறவுக்கலப்பு கூடி வீரியம் குறையும்; தன் மகரந்தத்தை ஏற்காத இனங்களில் ஒத்துப்போகும் மகரந்தமும் அரிதாகும். மிக அதிகமாகச் சேர்த்தால் நடுத்தரமானவையும் நுழைந்து தேர்வின் பயன் கரையும். ஆறிலிருந்து பன்னிரண்டுவரை, வெவ்வேறு மூலத்திலிருந்து வந்த பெற்றோர் என்பது என் அனுபவத்தில் பொருத்தமான அளவு. தொகையில் மரபு வேறுபாடு இருப்பதே ஒருவகைக் காப்பு. ஒரு செடி தாங்காத வறட்சியைப் பக்கத்துச் செடி தாங்குகிறது.

பெற்றோரின் விதை மகசூலையும் இந்தக் கட்டத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். தழை மிகுந்து விதை பிடிக்காத பெற்றோர், கலவையில் தலைமுறைக்குத் தலைமுறை பங்கு குறைந்துகொண்டே போகும்.

கடைசியாக, பலவிடச் சோதனைக்கு முதல் கலவைத் தலைமுறை விதையைப் பயன்படுத்தாதீர்கள். உழவர் கையில் சேர்வது இரண்டாம், மூன்றாம் தலைமுறை விதைதான். முதல் தலைமுறையின் வீரியம் அதில் இருக்காது. விதைப் பெருக்கத்தை வெப்பமான, பகல் நீளம் மாறுபட்ட இடத்தில் செய்தால் முன்பூப்பவை அதிகம் விதை தந்து தொகையின் தன்மையே நகர்ந்துவிடக்கூடும். ஆகவே பெருக்கத்துக்குப் பிந்தைய விதையையும் மூலப் பெற்றோரிலிருந்து புதிதாகக் கலந்த விதையையும் குறைந்தது இரண்டு முரண்பட்ட இடங்களில் அருகருகே விதைத்து, பூக்கும் நாளும் கடைசி வெட்டின் உலர் எடையும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தபின் வெளியீட்டுக்கு அனுப்புங்கள். பெற்றோர்ச் செடிகளின் துண்டுகளை அதன்பிறகும் நோயற்ற நிலையில் காத்துவைத்திருக்க வேண்டும். ரகம் நகர்ந்துவிட்டது என்று தெரியும் நாளில் அதை மீண்டும் கட்டுவதற்கு அவைதாம் தேவைப்படும்.